பேனரா, காணொளியா?

சுவா சூ காங் எம்ஆர்டி நிலையத்தில் எத்தனையோ விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். பிட்காயின் விளம்பரம் கண்ணில் பட்டிருக்காது. 2022 ஜனவரி 17ஆம் தேதி சிங்கப்பூர் நாணய ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகள்தான் காரணம். பேருந்து, ரயில், செய்தித்தாள், பிறருடைய இணையத்தளம், சமூக ஊடகப் பிரபலங்களின் காணொளி என எதிலும் பொதுமக்களிடம் மின்னிலக்க நாணயச் சேவையை விளம்பரப்படுத்தக் கூடாது. நிறுவனத்தின் சொந்த இணையத்தளம், செயலி, அதிகாரபூர்வ சமூக ஊடகப் பக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி உண்டு.

இணைய விளம்பரத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் என் அக்கா மகன், “பேனரா, காணொளியா, எது எடுபடும் மாமா?” என்று கேட்டான்.

“முதல்ல யாரோட பக்கத்துல போடப்போற, அதச் சொல்லு” என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

கெடுபிடி அதிகம் என்பது அவன் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் நொடித்துப்போனபோது, தெமாசெக்கே அதில் போட்ட 275 மில்லியன் அமெரிக்க டாலரை இழப்பாக எழுதித் தள்ளியது. நம் சேமிப்பு எம்மாத்திரம்?

மோசடிக்காரர்களுக்கு இந்த நெறிமுறையெல்லாம் கிடையாது. 2023 டிசம்பரில், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் மின்னிலக்க நாணய முதலீட்டைப் பரிந்துரைப்பதுபோல் ஒரு போலிக் காணொளி சுற்றியது. அவரே அதைப் பற்றி எச்சரிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, தேடாமலேயே உங்கள் கைப்பேசியில் அப்படி ஒரு விளம்பரம் வந்தால், அது வந்த இடமே சந்தேகத்துக்குரியது. தொடுவதற்குமுன் 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.