ஏட்டில் ஏறாத இசை

நா. வானமாமலை போன்றோரின் உழைப்பால் நாட்டுப்புறப் பாடல்களின் சொற்கள் அச்சேறி நிலைத்தன. மெட்டு? பாடிய மூதாட்டி மறைந்தபின் தாலாட்டின் இழைவையும் ஒப்பாரியின் விம்மலையும் எந்த ஏட்டிலிருந்து மீட்பது? ஆதலின், தமிழ்த்துறைக்கென ஒலிப்பதிவுக் கருவி வாங்குதல் வேண்டும் என்பது நம் துணிபு.

ஆடியோ இன்டர்ஃபேஸ் என வழங்கும் ஒலி இடைமுகம், மைக் தரும் மெல்லிய மின்குறியை வலுப்படுத்தி, எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புவது. விலை மிகுந்ததே சிறந்தது என்பாரோடு நாம் உடன்படோம். பாடுபவருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று என இரு மைக் வாயில்கள் போதும். கண்டென்சர் மைக்கிற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தை அக்கருவியே தருதல் வேண்டும். எட்டு வாயில்கள் கச்சேரி பதிவோர்க்கு உரியவை.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் அமைதல் நன்று. 16 பிட்டின் ஒலிவீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். 24 பிட்டிற்கோ கோட்பாட்டளவில் 144. எனவே ஒலியளவை அஞ்சாது தாழ்த்தி, உச்சத்தைச் சுழியத்திற்கு 12 டெசிபல் கீழே நிறுத்தலாம். ஒப்பாரியில் குரல் திடுமென உயரும். இடம் விடாவிடில் அவ்விடமே சிதையும். சிதைந்ததை முழுமையாக மீட்டல் அரிது. மின்விசிறியை நிறுத்துக, பாட்டிற்கும் பாட்டிற்கும் இடையே மாணவர் ஓலைவிசிறி வீசட்டும்! கோப்பை எம்பி3 ஆகச் சுருக்காது, வேவ் வடிவிலேயே ஈரிடங்களில் காக்க. பாடுபவர் இசைந்தால் அவர்தம் பெயரும் ஊரும் நாளும் தொடக்கத்திலேயே பேசிப் பதிக.

மலருக்கு விளம்பரம் நல்கும் பெரியோர், ஒரு பக்கத்தின் தொகையை இதற்கென ஒதுக்குவார்களா?