மொட்டை மாடியில் மரப்பெட்டித் தோட்டமா? கொஞ்சம் பொறுங்க!

நாக்பூர் மண் கரிசல். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிக் கத்தரிக்கு வேர் அழுகும், வெயிலில் பாளம் பாளமாய் வெடிக்கும். அதனால் இங்கே தரையில் நாலு பக்கமும் பலகையடித்து, ஒரு அடி உயரத்துக்கு மண் நிரப்பிக் காய்கறி போடுவது அருமையான யோசனை. என் ஓட்டு அதற்குத்தான்.

எங்கள் குடியிருப்பு நண்பர்களோ அதே பெட்டியை மொட்டை மாடியில் வைக்கணும் என்கிறார்கள். பி.காம். படித்தவனுக்கு இஞ்சினியர் வேலை எதற்கு என்று சிரிக்காதீங்க, இது வெறும் பெருக்கல்தான் :-) ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 30 செ.மீ. உயரம். ஈர மண் சுமார் 500 கிலோ வரும். ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். இந்தக் கணக்கோடு லோன் கேட்டு வந்திருந்தால் ஃபைலை அப்படியே திருப்பியிருப்பேன்.

மாடிதான் வேணும் என்றால் தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த சின்னப் பைகள், அதுவும் சுவரோரமாக.

பலகை பற்றியும் ஒரு வார்த்தை. பேலட் கட்டை மலிவு. ஆனால் முத்திரை பாருங்க. 'எச்டி' என்றால் சூடுபடுத்தியது, சரி. 'எம்பி' என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, நான் தொடமாட்டேன். பைன் கட்டை கறையானுக்கு விருந்து. சால் மரம் தாங்கும், விலைதான் கூட.

வரும் ஞாயிறு சொசைட்டி மீட்டிங்கில் ஓட்டெடுப்பு. மாடிக்கு நேர் கீழே தனியாக இருக்கும் மராட்டிப் பாட்டியை இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.