விடிய ஒரு சொக்ஸ், பின்னேரம் மூண்டு

கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். விறாந்தையில் தையல் மெசின் வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறார். மெசினை இடது காலால் மட்டுமே மிதிப்பார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009ஆம் ஆண்டு மாத்தளனில் விழுந்த ஷெல் கொண்டுபோனது.

போன கிழமை நான் போனபோது அவர் கால் போட்டுக்கொண்டிருந்தார். எஞ்சியிருக்கும் காலை உலர்ந்த துணியால் ஒற்றினார். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்து, எங்காவது சிவந்திருக்கிறதா என்று தேடினார். பவுடர் போட்டு, தடித்த சொக்ஸை இழுத்துவிட்டு, செயற்கைக்காலுக்குள் இறக்கினார். எழுந்து இரண்டு தரம் நிலத்தில் ஊன்றிப் பார்த்தார்.

"விடிய ஒரு சொக்ஸ் காணும் தம்பி. மத்தியானம் ரெண்டு, பின்னேரம் மூண்டு வேணும். பொழுது போகப் போக உள்ளுக்கை கால் வத்திப்போகும்."

இவ்வளவு காலம் பழகியும் இதை நான் அறிந்திருக்கவில்லை. ஊன்றி நடக்க நடக்க, எஞ்சிய கால் சற்றுச் சுருங்குகிறது. காலையில் இறுக்கமாக இருந்த செயற்கைக்காலின் கிண்ணம் மாலையில் ஆடுகிறது. ஆடினால் உரசும். வன்னி வெயிலில் வியர்வையும் மணலும் சேர்ந்தால் புண். புண் வந்தால் அது ஆறும்வரை கால் போட முடியாது; கிணற்றடிக்குப் போவதற்கும் ஊன்றுகோல்தான்.

மயக்க மருந்துக்கும் இரத்தத்துக்கும் தட்டுப்பாடாக இருந்த போர் நாட்களில், உயிர் பிழைத்தால் போதுமென்று எடுக்கப்பட்ட கால்கள் பல. செயற்கைக்கால் பொருந்துமா என்று பார்த்துத் தைக்க அன்று நேரம் எங்கே இருந்தது? காயம் ஆறிய பிறகும் எலும்பு முனை குத்துகிறது. இல்லாத பெருவிரல் இரவில் எரிகிறது. "விரலைத் தடவலாம் எண்டு கை போகும், அங்கை பாய்தான் இருக்கும்" என்றார் அக்கா.

நம்மவர்களை நடக்க வைத்ததில் ஜெய்ப்பூர் காலுக்குப் பெரிய பங்குண்டு. 1968ஆம் ஆண்டளவில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அதை உருவாக்கினார்கள். அன்றைய மேலைநாட்டுச் செயற்கைக்காலுக்குச் சப்பாத்து வேண்டும்; அதனோடு குந்தி இருக்க முடியாது. இவர்கள் செய்த இறப்பர் பாதம் வெறுங்காலாகவே சேற்றில் இறங்கும், வரம்பில் நடக்கும், கோயில் வீதியை வலம் வரும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்திலேயே இந்தக் காலைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனாலும் இறப்பர் தேயும், வெடிக்கும். உடம்பு மெலிந்தால் அல்லது பருத்தால் கிண்ணம் பொருந்தாது. பெரியவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக்கால் வேண்டும். பத்து வயதில் காலை இழந்த பிள்ளைக்கு, வளர வளர மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அக்காவின் பாதம் விரலடியில் பிளந்திருக்கிறது. சைக்கிள் டியூப் துண்டு ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அளவு கொடுக்கப் போவதென்றால் ஒருநாள் தையல் போகும், பஸ் காசு போகும். உயரமான பஸ் படியில் ஏறும்போது பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார்.

போர் முடிந்தபின் முகமாலையில் ஆண்டுக்கணக்காக, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிக் கண்ணிவெடி எடுத்தார்கள். அப்படித் துப்புரவு செய்த நிலத்தை ஒருநாள் உரியவரிடம் கையளித்து, கணக்கை முடிக்கலாம். காலை அப்படிக் கொடுத்து முடித்துவிட முடியாது. நாமோ மேடை போட்டு, மாலை போட்டு, வரிசையில் இருத்திக் கால் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டோம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் இணைந்தது. கையெழுத்துப் போட்ட அரசுக்குக் கடமை இருக்கிறது. தேய்ந்த காலை மாற்றுவது யாரோ இரங்கிச் செய்யும் தானமாக இருக்கக்கூடாது. மருத்துவமனையில் மருந்து கிடைப்பதுபோலக் கிடைக்கவேண்டும். அளவெடுக்கிறவர்கள் மாதம் ஒருமுறையாவது கிராமங்களுக்கு வரவேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் ஒரு கால் வாங்கிக் கொடுக்கிறீர்கள். நன்றி. இனிக் கொடுக்கும்போது, அந்தக் கால் தேய்ந்தபின் வேண்டிய அடுத்த காலுக்கும் சேர்த்து ஒதுக்கி வையுங்கள். முன்பு உங்களிடம் கால் பெற்றவர்களை ஒருதரம் அழைத்து, "கால் எப்பிடி இருக்கு?" என்று கேளுங்கள்.