பணம் இருந்தும் வீடு இல்லை: கூட்டுறவு குடியிருப்புகளும் முஸ்லிம்களும்

பிள்ளைகளின் கல்லூரி, பெற்றோரின் மருத்துவம் என்று தாராபுரம், உடுமலை, பல்லடம் பகுதிகளிலிருந்து கோவையில் ஒரு ஃப்ளாட் வாங்க நினைக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. ரேஸ் கோர்ஸ், ஆர்.எஸ்.புரம், சாய்பாபா காலனி என்று கேட்டால், பெயரைக் கேட்டதும் தரகரின் குரல் மாறும். "பாய், உங்களுக்குக் கரும்புக்கடை, குனியமுத்தூர் பக்கம் நல்லதா பார்த்துத் தரட்டுமா?" என்பார். காரணம் கேட்டால், "அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டாங்க" என்பார்.

அசோசியேஷனுக்கு அப்படி ஓர் அதிகாரம் இருக்கிறதா? அகமதாபாத்துக்கு இதற்கு ஒரு பதில், கோவைக்கு வேறொரு பதில். அந்த வித்தியாசம் தெரியாததால்தான் பலர் தரகர் சொன்னதை நம்பித் திரும்பி விடுகிறார்கள்.

மும்பையிலும் அகமதாபாத்திலும் பழைய வசதியான பகுதிகளில் உள்ள குடியிருப்புகள் பெரும்பாலும் கூட்டுறவு சங்கங்கள். அங்கே வீடு வாங்குகிறவர் சங்கத்தில் உறுப்பினராகவும் சேர வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் விலை பேசி முடித்தாலும் சங்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கின் கோ-ஆப் வீடுகளும் இப்படித்தான். அங்கே நிர்வாகக் குழு காரணம் சொல்லாமலேயே ஒருவரை நிராகரிக்கலாம். ஆனால் மதம், இனம் பார்த்து நிராகரிப்பது 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்துக்கு விரோதமானது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை.

இல்லாததன் விளைவு 2005இல் தெரிந்தது. அகமதாபாத்தில் பார்சிகளுக்காக 1926இல் பதிவு செய்யப்பட்ட ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் துணைவிதி, பார்சி அல்லாதவர் உறுப்பினராக முடியாது என்கிறது. உறுப்பினர் ஒருவர் தன் சொத்தை வெளியாருக்கு விற்க முயன்றபோது சங்கம் தடுத்தது. குஜராத் உயர்நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது; யாரைச் சேர்ப்பது என்பது அந்தச் சங்கத்தின் விருப்பம்; மாற்ற வேண்டுமானால் சட்டமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும் என்றது. பாகுபாட்டைத் தடுக்கும் 15ஆவது பிரிவு முதன்மையாக அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. கடை, ஹோட்டல், கிணறு போன்ற பொது இடங்களை அது தனியாகக் குறிப்பிடுகிறது. அந்தப் பட்டியலில் வீடு இல்லை.

ஒரு சிறுபான்மைச் சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள வென்ற தீர்ப்பு இது என்று சிலர் மகிழ்ந்தார்கள். அதே தர்க்கத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

குஜராத்தில் இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. 1991இன் 'பதற்றப் பகுதிகள் சட்டம்' அறிவிக்கப்பட்ட பகுதியில் கலெக்டரின் முன் அனுமதி இல்லாமல் சொத்தை விற்க முடியாது. கலவரத்துக்குப் பயந்து அடிமாட்டு விலைக்கு விற்பதைத் தடுக்க வந்த சட்டம், நாளடைவில் இந்துவும் முஸ்லிமும் ஒரே தெருவில் வசிக்காமல் பார்த்துக்கொள்ளும் சட்டமாகிவிட்டது. 2019இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள்.

அரசே கொடுத்த வீட்டுக்கும் பாதுகாப்பில்லை. வதோதராவின் ஹர்ணி பகுதியில் முதலமைச்சர் வீட்டுவசதித் திட்டத்தின் 462 வீடுகளில் ஒன்று 2017இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே அவர் ஒருவர்தான் முஸ்லிம். அவர் குடிவரக்கூடாது என்று அங்கிருந்தவர்கள் புகார் கொடுத்து, 2024 ஜூனில் போராட்டமும் நடத்தினார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே ஃப்ளாட் வாங்குவது சங்கத்தில் சேருவது அல்ல. நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும் (யுடிஎஸ்) கட்டடமும் உங்கள் பெயருக்குப் பத்திரமாகின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தில் அசோசியேஷனின் அனுமதிக் கடிதம் தேவையில்லை. அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, வீட்டை வாங்கியவர் உரிமையாளர் என்ற முறையிலேயே அசோசியேஷனின் உறுப்பினர் ஆகிறார். அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அது ஓட்டுப் போட முடியாது. அது கேட்கக்கூடியது பராமரிப்புக் கட்டணப் பாக்கியைத்தான். புதுக் கட்டடமாக இருந்தால் இன்னும் வசதி. ரெரா பதிவுக்காகப் பில்டர் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்திலேயே (படிவம் பி) ஒதுக்கீட்டில் எவரையும் பாகுபடுத்த மாட்டேன் என்ற வரி இருக்கிறது. அதில் கையெழுத்திட்டுவிட்டு, "உங்க ஆளுங்களுக்கு இல்லைங்க" என்று எந்தப் பில்டரும் சொல்ல முடியாது. சொன்னால் ரெராவில் புகார் கொடுக்கலாம். பழைய கூட்டுறவு வீடுகட்டும் சங்கத்தின் மனையாக இருந்தால் மட்டும் துணைவிதியை வாங்கிப் படித்துவிடுங்கள்.

ஆக, கோவையில் தடுப்பது சட்டம் அல்ல. விற்பவரின் மனமும் தரகரின் வாயும்தான். இதற்கு வரலாறும் உண்டு. 1997 நவம்பர் கலவரத்துக்கும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புக்கும் பிறகு, பாதுகாப்பு தேடி கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை பக்கம் ஒதுங்கிய குடும்பங்கள் ஏராளம். முஸ்லிம்களுக்கு விரும்பிய இடத்தில் வீடு கிடைப்பதில்லை என்ற முறையீட்டை 2006இல் சச்சார் குழுவும் பதிவு செய்தது. அச்சத்தால் ஒதுங்கியதையே பின்னர், "அவங்க தனியாத்தான் இருப்பாங்க" என்று நம் இயல்பாகவே ஆக்கிவிட்டார்கள்.

நம் பக்கமும் பார்க்க வேண்டும். 'முஸ்லிம்களுக்கு மட்டும்' என்று ஃப்ளாட் விளம்பரம் செய்யும் நம்மவர்கள் உண்டு. பள்ளிவாசல் அருகில், ஹலால் சூழல் என்பதெல்லாம் நியாயமான ஈர்ப்புகள்தான். ஆனால் 'மட்டும்' என்ற சொல்லை நாம் எழுதிவிட்டு, 'சைவர்களுக்கு மட்டும்' என்ற பலகையை எப்படிக் கேள்வி கேட்பது? அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திய வேகத்தில், அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு இருந்தது என்று படித்திருக்கிறோம். அந்த அண்டை வீட்டாரை மதம் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை.

வட்டிக் கடனைத் தவிர்க்க ஊரில் தோட்டத்தையோ மனையையோ விற்று முழுப் பணத்தோடு வருகிற குடும்பங்களுக்கு இதில் ஆபத்து அதிகம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு விற்பவர் பின்வாங்கினால் பணமும் காலமும் முடங்கும். ஆகவே அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். யுடிஎஸ் அளவு, வில்லங்கச் சான்று, பராமரிப்புப் பாக்கி ஆகியவற்றைச் சரிபாருங்கள். "அசோசியேஷன் ஒத்துக்காது" என்று யாராவது சொன்னால், அதை அசோசியேஷனின் லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள்.