டிஸ்சார்ஜ் சம்மரியில உண்மையான நோய்ப் பேரை எழுத விடுங்க

இன்னைக்கு எஸ்ஐபியும் இல்ல, டாக்ஸ் ரெஜிமும் இல்ல. நான் 42,000 ரூபாய் கோட்டை விட்ட கதை.

அப்ப நான் ஒரு ஃபர்ம்ல சம்பளத்துக்கு வேலை பார்த்துட்டு இருந்தேன். செப்டம்பர் கடைசி, டாக்ஸ் ஆடிட் சீசன். ராத்திரி ஆபீஸ்ல திடீர்னு நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், மூச்சு முட்டல். அந்த மாசத்துல அது மூணாவது தடவை. ஹார்ட் அட்டாக்னு பயந்து அட்மிட் ஆனேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். மனநல டாக்டர் வந்து பார்த்துட்டு, "இது பேனிக் டிஸார்டர், குணமாக்கலாம்"னு மாத்திரை ஆரம்பிச்சார்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு டியூட்டி டாக்டர்கிட்ட நான்தான் கெஞ்சினேன். "சார், இது ஆபீஸ் பாலிசி. ஹெச்ஆருக்குத் தெரிஞ்சா அசிங்கம். வேற ஏதாவது போடுங்களேன்." அவரும் 'தலைசுற்றல், பரிசோதனைக்காக அனுமதி'ன்னு எழுதிட்டார்.

க்ளெய்ம் ரிஜெக்ட். வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனா பணம் கிடையாதுங்கறது எல்லா பாலிசியிலும் பொதுவா இருக்கிற விலக்கு. அந்தப் பேப்பரை நானே ஆடிட் பண்ணியிருந்தாலும் ரிஜெக்ட்தான் பண்ணியிருப்பேன்.

க்ளெய்ம் ஃபார்ம்ல ஹாஸ்பிடல் நிரப்பற 'பார்ட் பி'யைப் பாருங்க. ஐசிடி-10 கோடுக்குன்னு கட்டம் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் அது. மனநோய்கள் 'எஃப்'ல ஆரம்பிக்கும்: மனச்சோர்வுக்கு எஃப் 32, பேனிக் டிஸார்டருக்கு எஃப் 41.0. 'ஆர்'ல ஆரம்பிச்சா அது அறிகுறி மட்டும்; தலைசுற்றல் ஆர் 42. க்ளெய்ம் பார்க்கிறவருக்கு உங்க முகம் தெரியாது. கோடு, பில், மாத்திரை மூணும் ஒத்துப்போகுதான்னுதான் பார்ப்பார். என் பேப்பர்ல கோடு தலைசுற்றல், மாத்திரை மனநலத்துக்கு. எப்படி ஒத்துப்போகும்?

இதுல வேடிக்கை என்னன்னா, உண்மையை எழுதியிருந்தா சட்டம் என் பக்கம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4): உடல் நோய்க்கு எந்த அடிப்படையில காப்பீடு இருக்கோ, அதே அடிப்படையில மனநோய்க்கும் இருக்கணும். எல்லா பாலிசியும் இதுக்கு இணங்கணும்னு 2022 அக்டோபர்ல ஐஆர்டிஏஐ மறுபடியும் உத்தரவு போட்டுது.

"சரி, ஹெச்ஆர்?"னு கேப்பீங்க. அந்த பயம் எனக்குப் புரியுது. அதே சட்டத்தோட பிரிவு 23 உங்க சிகிச்சை விவரத்தை ரகசியமா வெச்சிருக்கிற உரிமையைத் தருது. பேப்பரை ஹெச்ஆர் மேஜையில வைக்காம, நேரா டிபிஏ ஆப்லயே ஏத்த முடியுமான்னு முதல்ல கேளுங்க.

ஆனா மூணு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

ஒண்ணு, கவுன்சிலிங் ஃபீஸ் ஓபிடி செலவு. பெரும்பாலான சாதாரண பாலிசி, அட்மிட் ஆனாத்தான் கொடுக்கும். ஓபிடி கவர் இருக்கான்னு வாங்கும்போதே பாருங்க.

ரெண்டு, குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை பொதுவா விலக்கு. மனச்சோர்வும் குடியும் சேர்ந்திருந்தா, எதுக்காக அட்மிஷன்னு டாக்டரைத் தெளிவா எழுதச் சொல்லுங்க. எதையும் மறைக்கச் சொல்லாதீங்க.

மூணு, சொந்த பாலிசி எடுக்கும்போது பழைய சிகிச்சையைச் சொல்லிடுங்க. காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம். 60 மாசம் தொடர்ந்து பிரீமியம் கட்டிட்டா, மோசடின்னு நிரூபிச்சாத்தான் க்ளெய்மை மறுக்க முடியும். அந்த மோசடிக்கு நீங்களே சாட்சி தயாரிக்காதீங்க.

உண்மையை எழுதியும் ரிஜெக்ட் ஆச்சா? காரணத்தை எழுத்துல வாங்குங்க. கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. 30 நாள்ல பதில் வரல, இல்ல திருப்தி இல்லன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். சென்னையிலயும் ஆபீஸ் இருக்கு. கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரைக்கும் உத்தரவு போடலாம். ஆபீஸ் குரூப் பாலிசிக்கும் போகலாம்.

சுகர்னு எழுத நாம வெட்கப்படறதில்ல. பேனிக்னு எழுத வெட்கப்பட்டேன், அந்த வெட்கத்துக்கு விலை 42,000 ரூபாய். நீங்க அதைக் கட்டாதீங்க.