வெளிப்பாடு வேறு, செயல் வேறு

உப்புநீரில் நின்ற பயிரில் ஒரு மரபணு பத்து மடங்கு கூடுதலாக வெளிப்பட்டது என்பதும், அந்த மரபணுவே பயிரை உப்பிலிருந்து காக்கிறது என்பதும் ஒன்றல்ல. வீடு பற்றி எரியும்போது தெருவில் கூட்டம் பெருகும். கூட்டத்தில் நிற்பவர் அனைவரும் தீயணைக்க வந்தவர் அல்லர். இளநிலை மாணவருக்கும் விளங்கும் இந்த வேறுபாட்டை மறந்தே இந்தியத் தாவர மரபணு ஆய்வின் பெரும்பகுதி நடைபெறுகிறது.

வாய்பாடு பழகிப்போனது. தரவுத்தளத்திலிருந்து ஒரு மரபணுக் குடும்பத்தைத் திரட்டுவது, கிளைமரம் வரைவது, வறட்சியிலும் உப்பிலும் குளிரிலும் வெளிப்பாட்டை அளப்பது. துணிந்தவர்கள் அதைப் புகையிலையில் செலுத்தி மிகையாக இயக்கிப் பார்ப்பதும் உண்டு. முடிவில் கட்டுரைத் தலைப்பில் ‘பங்கு’ என்னும் சொல் ஏறிவிடும். இயல்பில் ஒரு மரபணு எந்தத் திசுவில், எப்போது, எவ்வளவு இயங்குகிறது என்பதைப் பொருட்படுத்தாமல், 35எஸ் ஊக்கியைப் பூட்டி எங்கும் எப்போதும் இயக்கினால், அது என்ன செய்ய வல்லது என்பது ஓரளவு தெரியலாம். அது என்ன செய்கிறது என்பது தெரியாது. அந்த மரபணுவை இழந்த செடி எப்படி இருக்கும்? மரபணுவைத் திருப்பிச் செலுத்தினால் இழந்த பண்பு மீள்கிறதா? இவ்விரு கேள்விகளும் இல்லாத இடத்தில் ‘பங்கு’ என்பது வெறும் ஊகம்.

கருவிகள் இல்லை என்று சொல்வதற்கில்லை. அராபிடாப்சிஸின் மரபணுத்தொகை 2000-இல் வெளியானது. 2003-க்குள் அமெரிக்காவின் சால்க் நிறுவனம் எண்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட டி-டி.என்.ஏ. செருகல்களின் இடங்களைக் கண்டறிந்து, கேட்பவர்க்கெல்லாம் விதை கிடைக்க வழி செய்தது. இந்தியாவிலும் நாகினா 22 நெல்லில் இ.எம்.எஸ். வேதிப்பொருளால் ஆயிரக்கணக்கான சடுதிமாற்றச் செடிகள் உருவாக்கப்பட்டுள்ளன. முதல் ஆண்டு ஆய்வு மாணவர்களில் எத்தனை பேருக்கு அவற்றைப் பற்றி யாரேனும் சொல்லியிருப்பார்கள்?

2025 மே மாதம் மரபணு திருத்தப்பட்ட இரண்டு நெல் இரகங்கள் இந்தியாவில் அறிவிக்கப்பட்டன. சம்பா மசூரியிலிருந்து வந்த ‘கமலா’வில் திருத்தப்பட்டது கதிரின் மணி எண்ணிக்கையை ஆளும் ஜி.என்.1ஏ, அதன் செயலை 2005-இல் காட்டியது ஜப்பானிய ஆய்வு. எம்.டி.யு. 1010-இலிருந்து வந்த ‘பூசா டி.எஸ்.டி. நெல் 1’-இல் திருத்தப்பட்டது இலைத்துளைகளின் திறப்பைக் கட்டுப்படுத்தும் டி.எஸ்.டி.; 2009-இல் அதைச் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தது சடுதிமாற்றச் செடிகளைப் பொறுமையாகச் சலித்த பிறகே. திருத்துவது சிறிய வேலை அன்று. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆயினும் எதைத் திருத்த வேண்டும் என்ற அறிவு வேறிடத்திலிருந்து வந்தது.

இன்னொரு செய்தி இதைவிடக் கசப்பானது. வெள்ளத்தில் மூழ்கிய நெல்லைக் காக்கும் சப்1ஏ மரபணு ஒடிசா மரபில் வந்த எஃப்.ஆர்.13ஏ நெல்லில் உள்ளது. மேற்கோள் மரபணுத்தொகையாகப் பயன்படும் ஜப்பானிய நிப்பொன்பாரேயில் அது இல்லவே இல்லை. பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் வேரை வளர்க்கும் பிஸ்டால்1 மரபணுவும் காசலத் நெல்லில் உண்டு, நிப்பொன்பாரேயில் இல்லை. தரவுத்தளத்தை மட்டும் துழாவியவர் கண்ணில் இவை பட்டிருக்கவே மாட்டா. வயலில் நிற்கும் செடியின் பண்பிலிருந்து தொடங்கியவர்களுக்கே அகப்பட்டன.

துவரையிலும் கொண்டைக்கடலையிலும் மரபணு மாற்றம் எளிதன்று, உதவித்தொகையோ ஐந்தாண்டில் முடிகிறது, சடுதிமாற்றச் செடியை நிலைப்படுத்தவே சில பருவங்கள் போய்விடும் என்று வழிகாட்டிகள் கூறுவர். மெய்தான். ஒத்த மரபணுக்கள் பல இருப்பதால் ஒன்றை முடக்கினால் மாற்றமே தெரியாமல் போவதும் உண்டு. ‘மாற்றமில்லை’ என்ற முடிவை அச்சிட எந்த இதழும் முந்துவதில்லை. ஆனால் வைரஸ் வழி மரபணு ஒடுக்கம் சில வாரங்களில் முதற்சான்று தரும். அதுவும் இயலாதெனில் தலைப்பில் ‘பங்கு’ என்பதை நீக்கி ‘வெளிப்பாடு’ என்று எழுத ஒரு காசும் செலவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த ஒரு சொல்லைச் சுட்டிச் சான்று கேட்கலாம். நிதி வழங்கும் அமைப்புகள், கட்டுரைகளை எண்ணுவதோடு, உருவான சடுதிமாற்றச் செடிகளின் விதை தேசிய மரபணு வங்கியில் சேர்ந்ததா என்றும், பிறர் கேட்டபோது கொடுக்கப்பட்டதா என்றும் கேட்கலாம்.