கையெழுத்து சுருங்கினால்...

எங்கள் ஆபீசில் சபேசன் என்று ஒரு சூப்பரின்டெண்ட். அவர் கையெழுத்துப் போட்டால் ஃபைலில் பாதிப் பக்கம் காலி. அப்பேர்ப்பட்ட மனுஷர், ரிடையராக ரெண்டு வருஷம் இருக்கும்போது எறும்பு ஊர்ந்த மாதிரி கிறுக்க ஆரம்பித்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்க்கில் செக்கைத் திருப்பிவிட்டார்கள். நடை ஸ்லோமோஷன். முகத்தில் சிரிப்பே இல்லை.

"பெரிசு பிரமோஷன் கிடைக்காத கோபத்துல இருக்குடா" என்று கேன்டீனில் கமென்ட் அடித்தோம். நானும்தான்.

கோபமில்லை, பார்க்கின்சன் வியாதி என்றார் நரம்பு டாக்டர்.

மூளைக்கு அடியில், நடுமூளையில், 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்று ஒரு சின்னப் பகுதி. லத்தீனில் 'கறுப்புச் சரக்கு'. (ரேஷன் கடை சமாசாரமில்லை!) டோபமைன் என்ற ரசாயனத்தைத் தயாரித்து, 'பேசல் கேங்லியா'வுக்கு அனுப்புவது இதன் வேலை. 'கையைத் தூக்கு' என்று மேலதிகாரி, அதாவது மேல்மூளை, ஆர்டர் போடலாம். எந்த ஆர்டரை விடுவது, எதை நிறுத்தி வைப்பது என்று பார்க்கும் செக்ஷன் இந்தப் பேசல் கேங்லியாதான். டோபமைன் வராவிட்டால் ஃபைல் நகராது. தசையில் பலம் இருக்கும், மனசில் ஆசை இருக்கும். கை மட்டும் கிளம்பாது.

இதற்கு வயசுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1982-ல் கலிஃபோர்னியாவில் ஆறு பேர் போதை ஊசி போட்டுக்கொண்டார்கள். பெரும்பாலும் இருபது, முப்பது வயசுக்காரர்கள். யாரோ திருட்டுத்தனமாகத் தயாரித்த சரக்கு. பக்குவம் தப்பி, அதில் எம்.பி.டி.பி. என்ற விஷம் கலந்துவிட்டது. அது குறிபார்த்து அந்தக் கறுப்புச் சரக்கை மட்டும் காலி பண்ணியது. சில நாளில் அத்தனை பேரும் சிலை! பேச முடியவில்லை, அசைய முடியவில்லை. நினைவு மட்டும் தெளிவு. லாங்ஸ்டன் என்ற டாக்டர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். எல்-டோபா கொடுத்ததும் சிலைகள் அசைந்தன.

அந்த மருந்துக்கு ஆரம்பம் ஸ்வீடனில். 1957-ல் ஆர்விட் கார்ல்சன், ரிசர்ப்பின் (நம்மூர் சர்ப்பகந்தா வேரில் கிடைப்பது) கொடுத்து முயல்களை முடக்கினார். எல்-டோபா கொடுத்தார், மறுபடி ஓடின. 2000-ல் நோபல்.

சபேசன் சாருக்கும் அதே மருந்துதான். குணமாக்காது, சமாளிக்க வைக்கும். அப்படியும் வாசல்படி வந்தால் காலைப் பசை போட்டு ஒட்டின மாதிரி நின்றுவிடுவார். பியூன் ஒருநாள் சாக்பீஸால் தரையில் குறுக்கே நாலு கோடு போட்டார். சார் ஒவ்வொரு கோடாகத் தாண்டி, ஜம்மென்று உள்ளே வந்துவிட்டார்! கண்ணால் பார்த்துத் தாண்டும்போது, மூளை அந்தப் பழுதான செக்ஷனைச் சுற்றிக்கொண்டு வேறு ரூட்டில் போகிறதாம்.

உங்கள் வீட்டிலோ ஆபீசிலோ யாருக்காவது கையெழுத்து சுருங்கிக்கொண்டே வந்தால், கமென்ட் அடிக்குமுன் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ரிடையரான அன்று எனக்கு ஒரு டைரி கொடுத்தார். உள்ளே கையெழுத்து, கடுகளவு. அதைப் போட அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் பக்கத்திலேயே நின்றேன்.